கருடன் வரவில்லை என்று சொன்ன வெயிலுமுத்து

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற பாதையில் எங்கள் ஊர் ஊருணிப்பட்டி. ஊரில் நான்கு டிராக்டர் உண்டு. அதில் ஒன்று வெயிலுமுத்து அண்ணாச்சியுடையது. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆள் மெலிவு, பேச்சும் மெலிவு. கேட்டதற்குப் பதில் சொல்லுவார், கேட்காததற்குச் சொல்ல மாட்டார். உழவு, பரம்படிப்பு, மண் அடிப்பு என்று வருகிற வேலையைப் பார்த்துக்கொண்டு, ஐந்து ஏக்கர் கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டு வந்தார். இவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், கண் இருக்கிறது. வானத்தில் ஒரு பறவை எள்ளுப்போலத் தெரியும்போதே அது கருடனா, வேறு பருந்தா என்று சொல்லிவிடுவார்.

இது ஒரு வித்தையா என்று நினைக்கலாம். கும்பாபிஷேகம் நடக்கிற ஊரில் இது பெரிய காரியம். கோபுரக் கலசத்தில் தீர்த்தம் ஊற்றுகிற நேரம் மேலே கருடன் வட்டமிட வேண்டும். வட்டமிட்டால் தெய்வம் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அய்யர் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சாரத்தில் நிற்பார். அவர் மந்திரத்தைப் பார்ப்பாரா, வானத்தைப் பார்ப்பாரா? அதனால் கீழே ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது வெயிலுமுத்து அண்ணாச்சி. கருடன் தெரிந்ததும் கூச்சல் போட மாட்டார். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் தலைக்கு மேலே தூக்குவார். அய்யர் ஊற்றுவார். அதன் பிறகுதான் ஜனங்கள் குலவை போடுவார்கள்.

இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணம் ஆன வருஷம் மாமனார் ஊரில் ஒரு கும்பாபிஷேகம். எல்லாரும் கிழக்கே அண்ணாந்து நின்றபோது புது மாப்பிள்ளை மட்டும் மேற்கே பார்த்து, மூன்று பேர் வருகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் மூன்று கருடன் வந்தது. அதிலிருந்து பக்கத்து ஊர்க்காரர்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முப்பத்து நான்கு கோவிலுக்குப் போயிருக்கிறார். ஒரு துண்டு, தேங்காய் பழம், முதல் பந்தியில் சாப்பாடு. வேறு ஒன்றும் வாங்க மாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டுக்குத் துண்டு வாங்கியதே இல்லை என்று அவர் வீட்டுக்காரி, எனக்கு மதினி, பாண்டியம்மாள் சொல்லும்.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. கருடன் என்றால் உடம்பு செம்மண் நிறம், தலையும் நெஞ்சும் வெள்ளை, வால் நுனி உருண்டை. கரும்பருந்துக்கு வால் கவட்டையாகப் பிரிந்திருக்கும். கவட்டை வாலுக்கு அவர் துண்டு தூக்கியதில்லை. கடம்பூர்ப் பக்கம் ஒரு ஊரில் கரும்பருந்தைப் பார்த்து ஆயிரம் பேர் கும்பிட்டுவிட்டார்கள். இவர் துண்டைத் தொடவில்லை. அந்த ஊர்த் தலைவர் பக்கத்தில் வந்து, கண்ணில் புரையா என்று கேட்டாராம். பதினான்கு நிமிஷம் கழித்து நிஜமான கருடன் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தலைவர் ஒரு பெட்டி போளி வாங்கிக் கையில் கொடுத்தார். அண்ணாச்சி அதை வருகிற வழியில் பஸ்ஸிலேயே எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். கண்டக்டருக்கு இரண்டு.

மற்றவர்கள் மழையளவை ஞாபகம் வைத்திருக்கிற மாதிரி அவர் காத்திருந்த நேரத்தை ஞாபகம் வைத்திருப்பார். முதலில் போன ஊர்களில் காத்திருப்பே கிடையாது. குடம் மேலே ஏறுவதற்கு முன்னால் கருடன் வந்து நிற்கும். பிறகு ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து, இருபது. விளாத்திகுளம் பக்கம் ஒரு ஊரில் ஐம்பத்தைந்து நிமிஷம். குளத்தூர்ப் பக்கம் மட்டும் இன்றைக்கும் தாமதம் இல்லை. அங்கே கடலும் உப்பளமும் இருக்கிறது, மீன் இருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்டால், பஸ்ஸைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி, கொஞ்சம் தாமசமாகத்தான் வருகிறார் என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

இனி எங்கள் கோவில் கதை. எங்கள் காளியம்மன் சின்ன இடத்தில்தான் இருந்தாள். குறை சொன்னதில்லை. ஊர்தான் கூடிப் பேசி, பக்கத்து ஊர்க் கோவிலைவிட ஒரு முழமாவது உயரமாகக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தது. கமிட்டித் தலைவர் காளிராஜ். வெயிலுமுத்து அண்ணாச்சிக்கு மச்சான், பாண்டியம்மாள் மதினியின் கூடப்பிறந்த அண்ணன். ஊருக்காக அலைகிறவர். அவர்தான் கண்மாயைக் காட்டினார். கண்மாயில் கரம்பை என்கிற வண்டல் மண் இருக்கிறது. வயலுக்கு அடிக்க என்று மனுக் கொடுத்தால் அனுமதி கிடைக்கும். வயலுக்கு அடித்ததுபோக மிச்சத்தைச் செங்கல் சூளைக்கும் ரோட்டு வேலைக்கும் கொடுத்தால் கோவில் தானாக எழும்பும். மண் அம்மனுக்குத்தானே போகிறது என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

ஒன்றரை வருஷம் மண் போனது. எவ்வளவு ஆழம் என்று அனுமதியில் எழுதியிருந்தது. அதைப் படித்தவர் யார் என்று தெரியவில்லை. வெயிலுமுத்து அண்ணாச்சியின் டிராக்டர் மட்டும் எண்ணூறு நடைக்கு மேல் அடித்தது. தன் வயலுக்கு அறுபது நடை அடித்துக்கொண்டார். காளிராஜ் புது வீட்டுக்கு அடிமட்டம் நிரப்பினார், தன் மேலவயலுக்கும் அடித்துக்கொண்டார். கோவில் மேடையும் அந்த மண்தான். செங்கல் வேகவைக்க விறகு வேண்டும் என்று கண்மாய்க் கரையில் நின்ற முப்பத்தெட்டு பனையும் சூளைக்குப் போனது. பந்தல் போட இடம் போதவில்லை என்று கோவிலுக்கு வடக்கே நின்ற புளியமரத்தை வெட்டினோம். அதில்தான் கருடன் கூடு இருந்தது. பாவம் சேரக்கூடாது என்று கூட்டைப் பத்திரமாக இறக்கி, கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். கருடன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்த வருஷ மழைக்குக் கண்மாயில் தண்ணீர் வந்தது. நான்கு நாளில் காணவில்லை. களிமண்ணைத் தாண்டி அடியில் சுக்கான் கல் தட்டும்வரை தோண்டிவிட்டோம். சுக்கானில் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காததால் கெண்டையும் கெளுத்தியும் இல்லை. தவளை இல்லை. தவளை இல்லாததால் பாம்பு இல்லை. இது ஒன்றுதான் லாபம் என்று பெண்கள் பேசிக்கொண்டோம். கொக்கும் நாரையும் போனது.

ஆனால் ஒரு சோடி கருடன் மட்டும் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தது. அதற்குக் காரணம் பாண்டிராஜ். பஸ் நிறுத்தத்தில் கோழிக்கறிக் கடை வைத்திருக்கிறார். காலையில் வெட்டி முடித்து, ஒன்பதரை மணிக்குக் கழிவை வாளியில் எடுத்துக்கொண்டுபோய்க் கண்மாய்க் குழியில் கொட்டுவார். ஒன்பதரைக்கு அந்தச் சோடி மேலே வந்து நிற்கும். குழியும் வீணாகவில்லை, கருடனும் பட்டினி கிடக்கவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு ஆனி மாதத்தில் நாள் குறித்தார்கள். நேரம் காலை ஒன்பதே காலிலிருந்து பத்தரை. அதைக் கேட்டதும் வெயிலுமுத்து அண்ணாச்சி தலையை ஆட்டினார். நம்மூருக்குக் கவலை இல்லை, காத்திருக்கவே வேண்டாம் என்று காளிராஜிடம் சொன்னார். முப்பத்து நான்கு ஊருக்குத் துண்டு தூக்கியவர், சொந்த ஊருக்கு இப்போதுதான் முதல் முறை. போன தடவை கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் டைபாய்டு காய்ச்சலோடு படுத்துக் கிடந்தார். அதனால் இந்தத் தடவை ஒரு மாதம் முன்னாலிருந்தே விரதம்.

பத்து நாளுக்கு முன்னால் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் ஊரில் யாரும் கவிச்சி தொடக்கூடாது. பாண்டிராஜ் கடையைக் கழுவி, மஞ்சள் தெளித்து, பூட்டிவிட்டார். எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் கருடன் சோடியைக் காணவில்லை.

அண்ணாச்சி அன்றைக்குத்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டார். நான்காம் நாளும் பார்த்தார். கரை மேல் ஏறி நின்று பார்த்தார். பிறகு கமிட்டிக் கூட்டத்துக்குப் போய், பாண்டிராஜ் கடை திறக்காமல் கருடன் வராது என்று சொன்னார். காளிராஜ்தான் பேசினார்.

"கருடாழ்வாரு கோழிக்குடலுக்கா வருதாரு? போய் வாய அலம்பிட்டு வாரும் மாப்ள."

அண்ணாச்சி எழுந்து போய் வாயை அலம்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். விரதம் இருக்கிறவர், சொன்னது அபசாரமாக இருந்தால் அலம்புவது நல்லதுதானே என்று நினைத்திருப்பார்.

ஆனால் மறுநாள் காலை ஒன்பதரைக்குக் காளிராஜும் கரை மேல் ஏறி நின்றதை நான் பார்த்தேன். கோவில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது என் வேலை. அங்கிருந்து பார்த்தால் கரை தெரியும். அதற்கடுத்த நாளும் நின்றார். அன்றைக்கு மத்தியானம் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, எவ்வளவு தேவைப்படும் என்று கேட்டார்.

இரண்டு பேரும் பாண்டிராஜிடம் போனார்கள். பாண்டிராஜ் கோபப்பட்டுவிட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் வருகிற காரியம், அன்னதானத்துக்குக் காய்கறி முழுவதும் என் பொறுப்பு, என்னைப் போய் இப்படிக் கேட்கலாமா என்றார்.

"கத்திய அம்மன் காலடியில வச்சிருக்கேன் அண்ணாச்சி. கும்பாபிசேகம் முடிஞ்சுதான் எடுப்பேன். கருடனுக்காவ நான் வெரதத்த முறிச்சா, அது யாரு கணக்குல போவும்?"

அதனால் கழிவைக் கோவில்பட்டியிலிருந்து எடுத்துவருவது என்று முடிவாயிற்று. அங்கே நமக்குக் காப்பு இல்லை. கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் காலை. கையில் காப்புக் கட்டியவர் தொடவே கூடாது என்பதால் காளிராஜ் போகவில்லை. காப்புக் கட்டாத ஆளில் டிராக்டர் வைத்திருப்பவர் வெயிலுமுத்து அண்ணாச்சி. விரதக்காரர்தான், ஆனாலும் மறுக்காமல் போனார். நான்கு மூட்டை. ஊர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமாகக் கண்மாய்க்குள் கொட்டிவிட்டு, டிராக்டரை மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, தானும் குளித்துவிட்டு வந்து அண்ணாந்து நின்றார்.

கருடன் வரவில்லை. வேறு இடத்தில் பழகிவிட்டது போலும். காக்கை வந்தது. நாய் வந்தது. எங்கள் ஊர் நாய்கள் ஒரு வாரமாக எங்களோடு சேர்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவை. பக்கத்து ஊர் நாய்களும் வந்தன. சாயங்காலம் ஆனிக் காற்று மேற்கிலிருந்து அடித்தது. கண்மாய் மேற்கே இருக்கிறது. யாகசாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போடச் சொன்னார்கள்.

விடிகாலையில் வாசல் தெளிக்கப் போனேன். யாகசாலை வாசலில் ஒரு கோழிக்கால் கிடந்தது. பக்கத்தில் ஒரு நாய், காரியம் முடிந்த மாதிரி படுத்திருந்தது. அய்யரிடம் போய்ச் சொன்னேன். பெரியவர் வந்து பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. மறுபடியும் கலசம் வைத்து மந்திரம் சொல்லி, இடத்தைச் சுத்தி செய்தார். அதற்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. தாயே, நாய் தெரியாமல் செய்தது, நாங்கள் தெரிந்து செய்தோம், இரண்டையும் பொறுத்துக்கொள் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஒன்பதே காலுக்குக் குடங்கள் புறப்பட்டன. வெளியூர் ஜனங்களோடு மூவாயிரம் பேர் இருக்கும். அய்யர் மேலே ஏறி நின்றார். அண்ணாச்சி பந்தல் ஓரத்தில், வெட்டின புளியமரத்தின் அடிக்கட்டை மேல் ஏறி நின்றார். உயரமான இடம் அதுதான். துண்டு தோளில் இருந்தது. ஒன்பதரை. ஒன்பதே முக்கால். மூவாயிரம் பேரும் அண்ணாந்து நின்றோம். தூரத்தில் கரண்டு எடுக்கிற காற்றாடிகள் சுற்றின. வீடியோக்காரரின் டிரோன் ஒன்று மேலே சுற்றியது. காக்கையைப் பார்த்து ஒரு மூலையில் குலவை போட்டார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். பத்து மணிக்கு ஒரு பாட்டையா மயங்கி விழுந்தார். சோடா கொடுத்தார்கள். எழுந்து மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

பத்து இருபதுக்குக் கோவில்பட்டித் திசையில் ஒன்று வந்தது. உயரத்தில் இறக்கையை விரித்து, ஆடாமல், காற்றில் மிதந்து வந்தது. கோவிலுக்கு நேரே வந்து ஒரு வட்டம் போட்டது. மூவாயிரம் பேரும் பராசக்தி என்று கையைத் தலைக்கு மேல் கூப்பினோம். பொய் சொல்லக்கூடாது, நானும் அழுதுவிட்டேன். மேளம் உச்சத்துக்குப் போனது. அய்யர் குடத்தைச் சாய்க்கத் தயாராகக் கீழே அண்ணாச்சியைப் பார்த்தார்.

அண்ணாச்சி துண்டைத் தூக்கவில்லை.

காளிராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். பட்டு வேட்டி, கையில் காப்பு, வேர்த்து ஊற்றியது. துண்டைத் தூக்கும் மாப்ள, நேரம் போகிறது என்றார். அண்ணாச்சி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாலு கவட்டையா இருக்கு மச்சான். இது அவரில்ல."

"யாரு வாலப் பாக்கா? ஊரே கும்பிடுதுல்லா."

"கும்பிடட்டும். நான் தூக்க மாட்டேன்."

ஐந்து நிமிஷம் காளிராஜ் அங்கேயே நின்றார். சண்டை போடவில்லை. ஒரு தடவை துண்டைத் தானே எடுக்கலாமா என்று பார்த்த மாதிரி இருந்தது. எடுக்கவில்லை. கரும்பருந்து இரண்டாவது வட்டம் போட்டு, கண்மாயில் கிடந்த கழிவைப் பார்த்து இறங்கிவிட்டது. பத்து இருபத்தெட்டுக்கு அய்யர் யாரையும் பார்க்காமல், அம்பாள் அனுக்கிரகம் என்று சொல்லி ஊற்றிவிட்டார். தீர்த்தம் எங்கள் மேல் தெறித்தது. எல்லாரும் சாப்பிடப் போனோம். சாப்பாடு நன்றாக இருந்தது. அண்ணாச்சி கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். துண்டு போடுகிற இடத்தில் கமிட்டி அவர் பெயரைக் கூப்பிடவில்லை.

ஒரு வாரத்தில் வீடியோ வந்தது. கோவில் முன்னால் திரை கட்டிப் போட்டார்கள். அய்யர் குடத்தைச் சாய்க்கிற நேரம், பெரிய பறவை ஒன்று தலை வெள்ளையாக, மூக்கு மஞ்சளாக, திரை முழுவதும் இறக்கை அடித்துக்கொண்டு பறந்தது. பின்னால் பனிமலை தெரிந்தது. ஊருக்கு மனம் நிறைந்துவிட்டது. கருடன் வந்திருக்கிறார், வெயிலுமுத்துக்குத்தான் தெரியவில்லை என்று பேச்சு ஆரம்பமாயிற்று. பனிமலை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மன் நினைத்தால் மலையும் வரும் என்று நானே ஒருத்தியிடம் சொன்னேன்.

அதற்குள் பாண்டிராஜ் கடையைத் திறந்துவிட்டார். நான்காம் நாள் அந்தச் சோடி திரும்ப வந்து ஒன்பதரைக்குக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு குழியில் இறங்கியது. இது பேச்சுக்கு இன்னும் தோதாயிற்று. கருடன் ஊரில்தான் இருக்கிறார், பார்க்கிறவருக்குத்தான் கண் போய்விட்டது. டீக்கடையில் இவருக்கு முன்னால் கையை ஆட்டி, இது எத்தனை விரல் என்று கேட்டார்கள். அவர் மூன்று என்று சொன்னார். மூன்றுதான். அதற்கும் சிரித்தார்கள். ஆவணியில் பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகத்துக்கு இவரைக் கூப்பிடவில்லை. டிராக்டர் வேலையும் குறைந்தது. கண் தெரியாதவரை நம்பி வரப்போரம் எப்படி உழச் சொல்வது?

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று மதினி என்னிடம் சொல்லியது. காலையில் எழுந்து, தூரத்துக் காற்றாடியின் இறக்கையை எண்ணிப் பார்க்கிறாராம். தன் கண் மேல் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் மதினிக்குத் தாங்கவில்லை.

கோவில்பட்டியில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். மதினி அவரைக் கூட்டிக்கொண்டு போனது, துணைக்கு நானும் போனேன். வரிசையில் எல்லாரும் எழுபது வயசு ஆட்கள். டாக்டர் பெண்பிள்ளை, சின்ன வயசு. சுவரில் எழுத்து அட்டை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படியுங்கள் என்றது. அண்ணாச்சி மேல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். மற்ற கண்ணாலும் படித்தார். அதற்குக் கீழே அட்டையின் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் பொடியாக இருந்தது. அதையும் படித்து, போன் நம்பரையும் சொன்னார். டாக்டர் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தது.

"ஐயா, ஒங்களுக்கு என்ன பிரச்சன?"

"கருடன் வரலன்னு சொன்னேம்மா."

டாக்டர் இன்னும் கொஞ்சம் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தூரப் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தது. மதினி அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பஸ்ஸை விட்டு இறங்கினதும் வீட்டுக்குப் போகாமல் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனது. காளிராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலைக்குப் பக்கத்தில் சீட்டை வைத்தது. திரும்பி வீட்டுக்கு நடந்தது.

சாயங்காலம் காளிராஜ் தங்கச்சி வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். வெகு நேரம் மழையைப் பற்றிப் பேசினார். எழுந்து செருப்பை மாட்டினவர் திரும்பி நின்று கேட்டார்.

"அப்ப நெசமாவே வரலையா மாப்ள?"

"வரல மச்சான்."

காளிராஜ் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. இத்தனை நாளும் அவர் பாதி நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து ஊரைவிட இரண்டு முழம் உயரம். தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை அண்ணாச்சி தன் வயலில் மண்வெட்டியோடு இறங்கினார். போன வருஷம் அடித்த கரம்பையை வெட்டி டிராக்டர் பெட்டியில் ஏற்றினார். மதினியும் ஏற்றியது. ஒரு நடை சேர்ந்ததும் ஓட்டிக்கொண்டுபோய், கண்மாயில் மடைக்குப் பக்கத்துக் குழியில் கொட்டினார். தண்ணீர் தெளித்து, டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டி மிதித்தார். நாளுக்கு ஒரு நடை. ஊர் வேடிக்கை பார்த்தது. எல்லாரும் கண்மாயில் எடுத்து வயலுக்கு அடிப்பார்கள், இவர் வயலில் எடுத்துக் கண்மாய்க்கு அடிக்கிறார், கண் சரியாகிப் புத்தி போய்விட்டது என்றார்கள். அம்மனுக்கு நேர்ச்சையா என்று நான் கேட்டேன். இல்லை தங்கச்சி, எடுத்த மண்தானே என்றார்.

பத்தாம் நாள் ஊர் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். யார் அனுமதித்தது என்று கேட்டார். அண்ணாச்சி தாசில்தார் ஆபீசுக்கு மனுக் கொண்டுபோனார். கண்மாயில் மண் எடுக்க மனு இருக்கிறது. போட மனு இல்லை. ஆபீசில் மூன்று மேஜைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது மேஜையில் இருந்தவர் நல்ல மனுஷர். இப்படி ஒரு காரியத்துக்கு விதி இல்லை, விதி இல்லாததால் தடுக்கவும் முடியாது, எழுத்தில் மட்டும் எதையும் கேட்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அண்ணாச்சி கும்பிட்டுவிட்டு வந்து அன்றைய நடையை அடித்தார்.

ஐம்பத்தேழு நடை திரும்பிப் போனது. மூன்று நடை மண் மழையில் கரைந்து வாய்க்காலில் போய்விட்டதாக அவரே சொன்னார். வயலில் மேல்மண் போனதால் அந்தப் புரட்டாசியில் இரண்டு ஏக்கர் விதைக்கவில்லை. மதினி முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தது. ஆனால் மண்வெட்டியைக் கீழே போடவில்லை.

கார்த்திகையில் மழை பெய்தது. மற்ற குழிகளில் வழக்கம்போல நான்கு நாள். மடைக்குப் பக்கத்துக் குழியில் பத்தொன்பதாம் நாளும் முழங்கால் தண்ணீர் நின்றது. பாண்டிராஜ் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தள்ளி வேறு குழிக்குப் போனார். கருடன் சோடி அவர் பின்னாலேயே போனது. குழித் தண்ணீரைப் பார்க்கக்கூட இல்லை. அதில் பார்க்கவும் ஒன்றும் இல்லை, இரண்டு தவளைச் சத்தத்தைத் தவிர.

இருபதாம் நாள் காளிராஜ் கரைக்கு வந்தார். அண்ணாச்சி குழி ஓரத்தில் வெடிப்பை மிதித்துக்கொண்டிருந்தார். நான் அங்கே ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். காளிராஜ் தண்ணீரை வெகு நேரம் பார்த்தார். இதற்குக் கருடன் வருவாரா என்று கேட்டார். வருவார் என்று சொல்ல மாட்டேன் மச்சான் என்றார் அண்ணாச்சி. காளிராஜ் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி, திரும்ப அதிலேயே விட்டார்.

"என் மண்ணு வீட்டுக்கு அடியில கெடக்கு மாப்ள. அத நான் எங்கன போய் எடுக்க?"

"மேலவயல்ல நீங்க அடிச்சது இருக்கும்லா."

இருக்கிறது, நாற்பது நடை இருக்கும் என்று காளிராஜ் ஒப்புக்கொண்டார். ஆனால் மேலவயலில் இப்போது மக்காச்சோளம் இடுப்பளவு நிற்கிறது. இந்த வெள்ளாமையை எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்றார். அண்ணாச்சி சரி என்றார். அறுப்பு எப்போது வரும் என்று கேட்டார். மாசி முதல் வாரம் என்றார் காளிராஜ். அப்படியானால் மாசி இரண்டாம் வாரம் டிராக்டரைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி மறுபடியும் வெடிப்பை மிதிக்க ஆரம்பித்தார்.